எடை தூக்கக் கூடாத மாதங்கள்

ஜூன் 17, செவ்வாய்

மூன்று நாளைக்கு எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எப்போது தண்ணீர் குடித்தேன், எப்போது ஒன்றுக்குப் போனேன், நடுவில் கசிந்ததா, அவ்வளவுதான். தனித் தாள் கொடுத்தார்கள். பையில் வைத்தால் டிக்கெட் கட்டோடு கட்டாகப் போய்விடும். அதனால் சீட்டுக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரியில் எழுதுகிறேன்.

காலை எழுந்ததும் காபி, ஒரு டம்ளர். ஒன்றுக்குப் போனேன். டூட்டியில் தண்ணீர் குடிக்கவில்லை. மத்தியானம் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாத்திரைக்காக அரை டம்ளர். கசிவு: முக்கொம்பு தாண்டி ஸ்பீடு பிரேக்கரில். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு செம்பு தண்ணீர்.

இது எப்படி ஆரம்பித்தது என்றும் எழுதிவிடுகிறேன். டெப்போவில் போன வாரம் மருத்துவ முகாம். கண், சுகர், பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். கண்டக்டர் பொம்பளைகள் நாங்கள் மூன்று பேர்தான். எங்களைத் தனியாக ஒரு ரூமில் டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். பெயர் ரஹ்மத் நிஷா. நாற்பது வயது இருக்கும். பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "நின்னு நின்னு வேலை பாக்கறீங்களே, கீழ ஏதாவது இறங்கற மாதிரி இருக்கா?" என்று கேட்டார். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. கேட்டதும் வாயிலிருந்து "ஆமாங்க" என்று வந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

காபி. தண்ணீர் இல்லை. கசிவு இரண்டு தடவை, தும்மலில் ஒன்று, பின்பக்கப் படியில் ஏறும்போது ஒன்று. வண்டியில் நல்ல கூட்டம், முகூர்த்த நாள்.

ஜூன் 19, வியாழன்

இன்றும் அதேதான். ஒரே ஒரு விஷயம், டிரைவர் பிச்சைமுத்து அண்ணன் தினமும் பெட்டவாய்த்தலை பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டுகிறார். ஆறு வருஷமாக ஒரே குளித்தலை–திருச்சி வண்டியில் ஓடுகிறோம். முன்பு இந்தப் பழக்கம் கிடையாது, இரண்டு வருஷமாகத்தான். அவர் பாத்ரூமுக்கும் போவதில்லை. டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் நான் பங்க் பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன். டயரைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு பயம். எனக்கு வசதியாகப் போயிற்று.

நாள் முழுக்க நின்ற பிறகு ஒன்றுக்குப் போனால் முழுதாக வராது. விரலால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டால்தான் வரும். இதையும் எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

டூட்டியை மாற்றிக்கொண்டு திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் டைரியை வாங்கி மூன்று நாளையும் படித்தார். "காலையில ஒரு காபி, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அரை டம்ளர் தண்ணி. இப்படித்தான் வருஷக்கணக்கா இருக்கீங்களா?" என்றார். பஸ்ஸில் தண்ணீர் குடித்தால் எங்கே போவது என்றேன்.

படுக்க வைத்துச் சோதித்தார், இருமச் சொன்னார், எழுந்து நிற்க வைத்தும் பார்த்தார். பிறகு உட்கார வைத்துச் சொன்னார். கர்ப்பப்பை இறங்கி வெளியே வருகிறது. மூத்திரப்பையும் கூடவே சரிந்து இறங்கியிருக்கிறது. மூன்றாவது நிலை. நாலாவதுதான் கடைசி.

"வீட்டுக்குள்ள கொடி கட்டித் துணி காயப் போடறீங்க. கொடி தொய்ஞ்சு போச்சு, துணி தரையில உரசுது. துணி மேல ஒரு குத்தமும் இல்ல. கொடியைத்தான் இழுத்துக் கட்டணும்" என்றார்.

வயிற்றில் மூன்று நாலு சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, கர்ப்பப்பையை ஒரு வலைப்பட்டையால் தூக்கி முதுகுப்பக்க எலும்போடு சேர்த்துத் தைப்பார்களாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. எடுத்துவிட்டுக் கீழ்வழியாகத் தைப்பதும் உண்டு. இரண்டின் நல்லது கெட்டதும் சொன்னார். வலை சிலருக்கு உறுத்தலாம், சிலருக்குப் பத்து வருஷம் கழித்துத் திரும்ப இறங்கலாம், அதையும் மறைக்காமல் சொன்னார்.

"நாத்தனாருக்கெல்லாம் எடுத்துப் போட்டுட்டாங்களே" என்றேன்.

"அவங்களுக்கு வேற காரணம் இருந்திருக்கும். உங்களுக்கு அதுல கட்டி இல்ல, புண் இல்ல. எடுக்கணும்னு நீங்க ஆசைப்பட்டா எடுக்கலாம். முடிவு உங்களோடது."

முடிவு என்னுடையது என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொல்வது எனக்குப் புதிது. என் புருஷன் ராஜாங்கம் இருந்தவரை அவர் சொல்வார். அவர் போன பிறகு அவருடைய வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எந்த வண்டி, எந்த ஷிப்ட் என்று டெப்போ சொல்லும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் மூன்று மாசம் கனமான எதையும் தூக்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது, முக்கக் கூடாது என்றார். அங்கேதான் இடித்தது. என் மகள் தாரணிக்குச் செப்டம்பரில் பிரசவம், தலைப்பிரசவம். அவளுக்கு என்னை விட்டால் யார்? குடம் தண்ணீர், வெந்நீர், பிள்ளையைக் குளிப்பாட்டுவது, எல்லாமே தூக்கும் வேலைதான். டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"அதுவரைக்கும் ரிங் வெச்சுப் பாக்கலாம்" என்று ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே வைத்து அனுப்பினார். நடந்து பார்த்தேன். நிற்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு வாரமாக எதுவும் வெளியே வரவில்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் பயப்படவில்லை. நேற்று மத்தியானம் ஒரு பாட்டில் தண்ணீர் முழுதாகக் குடித்தேன். "என்ன அமுதா, மொகம் தெளிஞ்சிருக்கு?" என்றார் பிச்சைமுத்து அண்ணன். தூங்கினேன் என்றேன்.

ஜூலை 9, புதன்

ரிங் விழுந்துவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில். கொஞ்சம் முக்கினேன், அது வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. எடுக்கிற இடமா அது? விட்டுவிட்டு வந்தேன். வெளியே காசு வாங்குகிற அம்மா, "ஏம்மா வேர்த்து ஊத்துது, உக்காருறியா?" என்று கேட்டாள். வண்டி எடுக்க நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

டாக்டருக்குப் போன் செய்து சொல்லலாம். வளைகாப்பு முடியட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. தாரணிக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். எங்கள் வீட்டில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று நானே பிடிவாதமாக நின்றேன். ஏழு வகைச் சாதமும் நானே கிளறினேன். புளிச்சாத அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது மாப்பிள்ளை பிரசன்னா, "நான் புடிக்கிறேன் அத்தை" என்று வந்தார். வெள்ளை வேட்டி. வேண்டாம் மாப்பிள்ளை என்று நானே இறக்கி வைத்தேன்.

சம்பந்தியம்மா சாப்பிட்டுவிட்டு, "உங்க கைப்பக்குவத்துக்கே பிரசவத்தை இங்க வெச்சுக்கலாம்" என்றார். ஒன்பதாம் மாசம் அழைத்து வருகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். தாரணி முகத்தைப் பார்த்தபோது சொன்னது சரி என்றுதான் பட்டது.

எல்லோரும் போன பிறகு கண்ணாடியில் பார்த்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளியே வந்துகொண்டிருந்தது இப்போது ஒரு முழுக் கைப்பிடி அளவு. மேலே உரசி உரசிச் சிவந்திருக்கிறது.

ஜூலை 16, புதன்

ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லை. நாளைக்கு வாழைத்தண்டு வாங்க வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடுப்பில் டியூபும் பையும் மாட்டியிருக்கிறது.

நேற்றுக் காலையிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. தள்ளிப் பிடித்தும் வரவில்லை. பங்கில் அண்ணன் நிறுத்தினார், போனேன், சும்மா திரும்பினேன். திருச்சி வந்து சேர்ந்தபோது அடிவயிறு கல்லாக இருந்தது. இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுக் கம்பியைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கால் எடுத்து வைக்க முடியவில்லை.

அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தார். "என்ன செய்யுது?" என்றார். ஒன்றுமில்லை அண்ணே என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பணப்பையை என் தோளிலிருந்து கழற்றினார். "டைம் ஆபீஸ்ல குடுத்துட்டு வரேன், அசையாம நில்லு" என்று போனார். அங்கே என்ன சொன்னாரோ, வண்டிக்கு வேறு ஆள் போட்டார்கள். ஆட்டோ கூட்டி வந்து என்னை ஏற்றி, தானும் முன்னால் ஏறிக்கொண்டார்.

அவசரப் பிரிவில் நர்ஸ், "நீங்க யாரு, வீட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

"கூட வேலை பாக்கறவன்" என்றார் அண்ணன்.

"என்ன தொந்தரவு?"

நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார். "காலையிலருந்து யூரின் போகல. ரொம்ப நாளாவே செரமப்படுது. பொம்பளை டாக்டரைக் கூப்பிடுங்கம்மா." சொல்லிவிட்டு வெளியே போய் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

டியூப் வைத்ததும் பை நிறைந்தது. நர்ஸ் அளவைப் பார்த்துவிட்டு இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு வெட்கமாக இல்லை. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் டாக்டர் ரஹ்மத் நிஷா வந்தார். ரிங் விழுந்ததைச் சொன்னேன். அண்டா தூக்கியதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மூத்திரப்பை மடங்கித் தொங்குது, வழி அடைபட்டுப் போச்சு. மறுபடி இப்படி ஆனா கிட்னியில போய் நிக்கும். டிசம்பர்னு என்கிட்ட சொல்லாதீங்க" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

டியூப் எடுத்துவிட்டார்கள். வேறு அளவு ரிங் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் வரைக்கும் தாங்கினால் போதுமாம். ஆகஸ்ட் எட்டாம் தேதிக்கு இடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

தாரணிக்குப் போன் செய்தேன். வயிற்றில் ஒரு ஆபரேஷன் என்று ஆரம்பித்தேன். எந்த ஆபரேஷன், எதற்கு என்று அவள் கேட்கக் கேட்க, கர்ப்பப்பைப் பிரச்சினை என்று மட்டும் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டாள். கொஞ்ச நாளாக என்றேன். மூன்று மாசம் எதையும் தூக்கக் கூடாது என்பதையும் சொன்னேன்.

"மூணு மாசம் எதுவும் தூக்கக் கூடாதா? அப்ப என்னை யாரும்மா பாத்துப்பா?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மா பேசினார். "இத்தனை நாள் பொறுத்தீங்க, இன்னும் ரெண்டு மூணு மாசம் பொறுக்கக் கூடாதா? புள்ளைத்தாச்சி மனசு கலங்குதுல்ல. இதெல்லாம் பொம்பளைங்க எல்லாருக்கும் உள்ளதுதானே." பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 26, சனி

வீட்டில் சும்மா படுத்திருக்கிறேன். தள்ளிவைத்துவிடலாம் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரிங் தாங்குகிறது, அண்டாவைத் தொடாமல் இருந்தால் போகிறது. ஆனால் பிரசவ வீட்டில் தொடாமல் எப்படி? தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் எனக்கு மறுபடி அடைத்துக்கொண்டால்? அவளை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அவளை நான் பெற்றது முசிறியில் என் அம்மா வீட்டில். ஒரு பகல் ஒரு ராத்திரி முழுதும் வலி. பெரிய பிள்ளை. பிறந்து கொஞ்ச நாளிலேயே தண்ணீர்க்குடம் எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

டாக்டருக்குப் போன் செய்தேன். எட்டாம் தேதிக்கே வருகிறேன் என்றேன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம், தூக்கிக் கட்டினால் போதும் என்றும் சொன்னேன்.

தாரணிக்கும் சொன்னேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வார்டில் சேர்ந்துவிட்டேன். துணைக்குப் பிச்சைமுத்து அண்ணன் சம்சாரம் கஸ்தூரி அண்ணி வந்திருக்கிறார். தானாகத்தான் வந்தார். வெற்றிலை போடுகிறவர், ஆஸ்பத்திரியில் துப்ப இடமில்லாமல் தவிக்கிறார். நாளைக் காலை முதல் ஆபரேஷன் என்னுடையது. தாரணி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருப்பாள், டவர் இல்லை போல.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று எழுதவில்லை. முடியவில்லை.

மேஜையில் படுத்ததும் மயக்க டாக்டர் பேச்சுக் கொடுத்தார். என்ன வேலை என்றார். கண்டக்டர் என்றேன். எந்த ரூட் என்றார். குளித்தலை என்று சொல்ல ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான்.

கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. ஆபரேஷன் மாற்றிச் செய்துவிட்டார்களோ என்று பயந்தே போனேன். வயிற்றை உப்ப வைக்க விட்ட காற்று தோளில் போய் நிற்குமாம், தானாகக் கரைந்துவிடுமாம். வயிற்றில் நாலு இடத்தில் சின்னச் சின்னப் பிளாஸ்திரி. இவ்வளவுதானா என்று கஸ்தூரி அண்ணி எண்ணிப் பார்த்தார்.

இன்று காலை டியூபை எடுத்தார்கள். இனி நானாகப் போக வேண்டும், போன பிறகு ஸ்கேன் வைத்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். பாத்ரூமுக்கு மெதுவாக நடந்தேன். வெஸ்டர்ன் டாய்லெட். உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் கை தானாகக் கீழே போனது, தள்ளுவதற்கு. அங்கே தள்ள எதுவும் இல்லை. கையை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தானாக வந்தது, தடையில்லாமல், சத்தத்தோடு.

வெளியே வந்தபோது அண்ணி, "ஏன் அழுவுற? எரியுதா?" என்றார். இல்லை அண்ணி என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. மாப்பிள்ளை பிரசன்னா காரில் வந்து அழைத்து வந்தார். கார் முழுக்கச் சாமான். வாசலில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் நாற்காலி இறங்கியது. "தாரணி ஆர்டர் போட்டா அத்தை, குந்தக் கூடாதாமே" என்றார். அவள் எங்கே என்று நான் கேட்கவில்லை. ஒன்பதாம் மாசம், பயணம் கூடாது. அவராகவே, "கோவம் இன்னும் போகல, ஆனா தினம் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி நர்ஸைக் கேட்டுக்கிட்டு இருந்தா" என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

கண்டக்டர் முருகையன் பார்க்க வந்தான். இப்போது என் வண்டிக்கு அவன்தான். ஆரஞ்சு வாங்கி வந்தான். வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரித்தேன்.

"அண்ணன் பறக்கறாருக்கா. குளித்தலையில எடுத்தா திருச்சியிலதான்."

"பெட்டவாய்த்தலை பங்க்ல நிறுத்தறதில்ல?"

"பங்க்லயா? எதுக்கு?"

டயர் தட்டிப் பார்க்கத்தான் என்றேன். "டயரெல்லாம் டெப்போவுலயே பாத்துத்தானேக்கா விடறாங்க" என்று சிரித்தான்.

அவன் போன பிறகு ஆரஞ்சை உரித்துத் தின்றேன். நல்ல இனிப்பு. கஸ்தூரி அண்ணிக்குப் போன் செய்து, அண்ணன் சாப்பிட்டுவிட்டாரா என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

செக்கப். நன்றாக ஆறியிருக்கிறது. பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். எஸ்தர் என்று ஒரு பெண், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ஒன்றுக்கு வரும்போது அடக்குகிற மாதிரி உள்ளுக்குள் இறுக்கிப் பிடித்து விடச் சொன்னாள். மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையை இறுக்கக் கூடாது, பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது. பதினாலு வருஷம் பஸ்ஸில் அடக்கிப் பழகியவளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்றேன். "அடக்கறது வேறம்மா, இது வேற" என்றாள். அவள் சொன்னது சரிதான். எனக்கு முதலில் வரவே இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பெண் குழந்தை. கரூரில், மாப்பிள்ளை ஊரில், சாயங்காலம். மூன்றரைக் கிலோ. நேற்றிலிருந்து வலி, கடைசியில் பிள்ளை தலையில் வேக்குவம் போட்டு இழுத்து எடுத்தார்களாம். தாயும் பிள்ளையும் நலம்.

நான் அங்கேதான் இருந்தேன். வெளியே நாற்காலியில். பிள்ளையை முதலில் சம்பந்தியம்மா வாங்கினார். "உக்காருங்க சம்பந்தி, மடியில வெக்கறேன், தூக்க வேணாம்" என்று கொண்டுவந்து மடியில் வைத்தார். அந்த அம்மாளை நான் தப்பாக நினைத்திருந்தேன்.

தாரணியின் பக்கத்தில் போய் நின்றேன். உதடு வெடித்திருந்தது. "வந்துட்டியாம்மா" என்றாள். கை நீட்டினாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பிரசவ வீடு இப்போது கரூரில்தான். நான் வாரத்தில் நாலு நாள் போய் இருக்கிறேன். பூண்டு உரிக்கிறேன், பிள்ளைத் துணி மடிக்கிறேன், தாரணிக்குத் தலை வாரி விடுகிறேன். வாளியைத் தொட்டால் சம்பந்தியம்மா அதட்டுகிறார். உட்கார்ந்த இடத்தில் இருக்கிற பாட்டி ஆகிவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

டெப்போவில் சேர்ந்துவிட்டேன். டாக்டர் சர்டிபிகேட்டைப் பார்த்து டைம் ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஜனவரி வரைக்கும். நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது விசித்திரமாக இருக்கிறது. பிச்சைமுத்து அண்ணன் டிரிப் ஷீட் வாங்க வந்தார். "ஜனவரியில வந்துருவல்ல? முருகையன் பாட்டா போட்டுக் கொல்றான்" என்றார். வருகிறேன் அண்ணே என்றேன். பங்க் விஷயத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன். "டயரெல்லாம் நல்லா இருக்காண்ணே?" என்றுதான் வாயில் வந்தது. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "இப்ப நல்லா இருக்கு" என்று ஷீட்டை எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 1, சனி

கரூர் போயிருந்தேன். பிள்ளைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிகிறது.

மத்தியானம் தாரணி பிள்ளையின் துணி ஊறவைத்த பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வைத்துவிட்டு நிமிர்ந்தவள், சுவரில் ஒரு கையை ஊன்றிக் காலைக் கொஞ்சம் அகட்டி நின்றாள். இன்னொரு கை அடிவயிற்றில். அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

பிள்ளை தூங்கிய பிறகு அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "கீழ கனமா இருக்கா?" என்று கேட்டேன். மெல்லக் கேட்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன், நேராக வந்துவிட்டது.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சாயங்காலம் ஆனா ஏதோ பந்து வெச்ச மாதிரி இருக்கும்மா. இருமினா கசியுது. புள்ளை பெத்தவங்க எல்லாருக்கும் அப்படித்தான்னு அத்தை சொன்னாங்க."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

"உன்கிட்ட யாரு?"

"எல்லாரும்."

செவ்வாய்க்கிழமை போகலாம் என்றேன். பிள்ளையை விட்டுவிட்டு எப்படி என்றாள். பிள்ளையும் வரட்டும் என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

டாக்டர் ரஹ்மத் நிஷாவைப் பார்த்தோம். எனக்கும் மூன்று மாச செக்கப். கொடி இறுக்கமாக இருக்கிறது என்றார். தூக்குவதற்குப் பிள்ளை எடைதான் அளவு, அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

தாரணியை உள்ளே அழைத்துப் போய் வெகு நேரம் சோதித்தார். நான் வெளியே பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை அழவே இல்லை, நான்தான் எழுந்து எழுந்து கதவைப் பார்த்தேன்.

முதல் நிலைதானாம். பிரசவத்தில் தளர்ந்த தசை. ஆபரேஷன் எல்லாம் பேச்சே இல்லை. எஸ்தரிடம் போய்ப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு விடாமல் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், பக்கெட், குடம், கேஸ் சிலிண்டர் பக்கம் போகக் கூடாது என்றார். "இப்பவே வந்தீங்க பாருங்க, அதான் முக்கியம்" என்று அவளிடம் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பினோம். வேறு டெப்போ வண்டி. தாரணி ஜன்னலோரம், பிள்ளை என் மடியில். ஜீயபுரம் தாண்டியதும் கேட்டாள்.

"உனக்கு எப்பலருந்தும்மா?"

கொஞ்ச நாளாக என்றுதான் எப்போதும் சொல்வேன். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நீ பொறந்ததுலருந்து" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என் வயசு அது."

"ஆமா. மொதல்ல உன்ன மாதிரி கொஞ்சந்தான். அப்புறம் வளந்துது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன்னாலன்னு நெனைச்சுக்குவ."

"என்னாலதானே?"

"இல்ல" என்றேன். "பெத்ததால வந்தது இவ்வளவு பெருசா ஆகாது. பாக்காம விட்டதால ஆனது. எனக்கு அப்ப யாரும் செவ்வாய்க்கிழமை போலாம்னு சொல்லல."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் தொடவில்லை, பிள்ளையை மட்டும் இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பிரசன்னாவைக் கூப்பிட்டாள்.

"தண்ணி கேன் வந்துருக்கும், நீங்களே தூக்கி வெச்சிருங்க. ஆமா, இனிமே நீங்கதான். துணி பக்கெட்டும் நீங்கதான்... ஏன்னா எனக்குக் கர்ப்பப்பை இறங்குது, அதான். தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க... ஆமாங்க, கர்ப்பப்பை. பயப்படாதீங்க, சரியாயிரும். வீட்டுக்கு வந்து சொல்றேன்."

சாதாரணக் குரலில் சொன்னாள், பால் வாங்கி வைக்கச் சொல்கிற மாதிரி. பஸ்ஸில் பாட்டுகூட ஓடவில்லை. எனக்குக் காது சுட்டது. யார் கேட்டார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். கண்டக்டர் பையன் டிக்கெட் எண்ணிக்கொண்டிருந்தான். முன் சீட்டில் ஒரு அம்மா, மடியில் கீரைக் கூடை, எங்கள் பக்கமாகத் திரும்பினார். என் வயதுதான் இருக்கும். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை, திரும்பிக்கொண்டார்.

பெருகமணி தாண்டியதும் மறுபடி திரும்பினார். சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்து என்னிடம் கேட்டார்.

"அந்த டாக்டரம்மா எந்தெந்தக் கிழமை இருப்பாங்கங்க?"

"செவ்வாயும் வெள்ளியும்" என்றேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.